கோபுரம் தெரிந்த பிறகும்

எனக்கு ஒன்பது வயதாகும்வரை எங்கள் வீட்டில் அத்தை என்ற பேச்சே கிடையாது. வீட்டை மீறி, ராமநாதபுரம் பக்கத்து மீனவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர் அவர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில், மாமா கால் முறிந்து கிடப்பதாகக் கடிதம் வந்தது. அம்மா விடாமல் சொல்லவே, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் பஸ் ஏறினார்.

போன இடத்தில் அண்ணனும் தங்கையும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

"உங்கப்பா சாப்புடுறாரானு கேளு."

"வேணாம்னு சொல்லு."

கடலை முதன்முதலாகப் பார்த்த எனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. தூரத்தில் தெரிந்த தீவுக்குப் போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமாவின் வள்ளத்தை அப்போது அத்தைதான் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அப்பாவும் ஏறினார். பூட்டுப் பட்டறையில் சுத்தியல் பிடித்த கைகள் உட்கார்ந்த பலகையை விடவே இல்லை.

அத்தையோ அடிக்கடி கரையைத் திரும்பிப் பார்த்தபடி ஓட்டினார்.

"எதுக்கு அத்த பின்னாடியே பாக்குறீங்க?"

"அடியில பூராம் பாறை. அந்த மாதா கோயில் கோபுரமும் முன்னாடி நிக்கிற ஒத்தப் பனையும் ஒண்ணாத் தெரிஞ்சா பள்ளத்துல போறோம்னு அர்த்தம். வெலகுச்சுன்னா பாறை."

அதன்பிறகு தீவை யார் பார்த்தது? பனை விலகும்போதெல்லாம் நான் கத்துவேன். அத்தை சுக்கானைத் திருப்ப, பனை ஒழுங்காகக் கோபுரத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பும்போது மழை பிடித்தது. கரை மங்கலான ஒரு கோடாகிவிட, கோபுரமும் பனையும் மறைந்தன. அத்தை எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டார். அலை உள்ளே அடித்தது.

"கரை அந்தா தெரியுதுல்ல, ஏன் நிப்பாட்டுன?" அப்பா நேராகக் கேட்டேவிட்டார்.

"கரை தெரியுதுண்ணே. வழி தெரியல. அந்த டப்பாவ எடுத்து தண்ணிய எறைங்க."

அப்பா இறைத்தார். வெகுநேரம் கழித்து அத்தை மெல்லக் கேட்டார்: "நம்ம அம்மா கடைசில என்னயத் தேடுச்சாண்ணே?"

அப்பாவின் கை நின்றது. அவர் சொன்ன பதில் மழையில் எனக்குக் கேட்கவில்லை. அத்தை அழுதார். பிறகு இருவரும் பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள்.

மழை விட்டது. "கோபுரம் தெரியுது அத்த! பனையும் தெரியுது!" என்று குதித்தேன்.

"செத்த நேரம் இருத்தா," என்றார் அத்தை. எஞ்சினைத் தொடவில்லை. அப்பாவும் அவசரப்படுத்தவில்லை.

இன்னும் என்ன ஆபத்து மிச்சமிருக்கிறதோ என்று நான் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.