வாங்க, வாங்க என்ற துறைமுகங்கள்

பாய்மரப் படகில் ஊர் சுற்றும் வெளிநாட்டுக்காரர்களோடு கூடவே போய், தீவு தீவாக இறங்கி அனுமதி கேட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்கு நீந்தத் தெரியுமா என்று இந்தத் தொழிலில் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

பர்மாவின் தெற்குத் தீவுகளுக்கு அந்நியப் படகு போனால், உள்ளூர் வழிகாட்டி ஒருவன் அதில் இருந்தாக வேண்டும் என்பது விதி. பசுந்தாங்கில் இருந்த எங்கள் ஆபீசிலிருந்து முதலாளியம்மா டோ மியா கூப்பிடுவார். நான் குடியிருக்கும் தாகேதாவில் பஸ் பிடித்துத் தெற்கே போய்ப் படகேறுவேன். ‘போவேன்’ என்று எழுதுவதுகூடப் பழக்கதோஷம்தான். வராத அழைப்புக்காகப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

துறைமுகம் எங்கே?

என் முதல் படகு ஒரு டச்சுத் தம்பதியுடையது. அவர்கள் வரைபடத்தில் ஒரு குட்டித் தீவின் மேல் நங்கூரப் படம் போட்டிருந்தது. அதை நம்பி அந்த அம்மா வெள்ளை கவுன் போட்டு, உதட்டுச் சாயம் பூசி, கரையில் காபி குடிக்கத் தயாராக நின்றார். நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டியின் தலையைப் பிடித்துவிட்டது வாடிக்கையாளர்தான்.

கிட்டே போனால் பாதிப் பலகை இல்லாத மூங்கில் பாலம், அதன்மேல் நாலைந்து நாய்கள், பின்னால் கருவாடு. “குமார், துறைமுகம் எங்கே?” என்றார் கணவர். மூங்கிலைக் காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு அவர் மரியாதையாகக் கேட்டார்: “அழகாக இருக்கிறது. எப்போது கட்டி முடிப்பார்கள்?”

ஆனாடே

பர்மியத்தில் ‘ஆனாடே’ என்றொரு சொல் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று ‘இல்லை’ சொல்ல வாய் வராமல் தவிப்பது. நம் தாட்சண்யத்துக்கு அக்கா முறை. சின்ன வயதில் நாங்கள் அதை ‘ஆனா, டேய்!’ என்று பிரித்துச் சொல்லிச் சிரிப்போம். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வரவேண்டியதை வெளியே சொல்லாமல் விழுங்கிவிடுவதுதான் ஆனாடே என்று அப்போது தெரியாது.

அதே மூங்கில் பாலத்துக்கு ஓர் ஆஸ்திரேலியக் கேப்டனோடு இன்னொரு முறை போனேன். தீவுத் தலைவர் ஊ டின்னிடம், “இந்தப் பக்கம் நங்கூரம் போடலாமா?” என்று கேட்டேன். “வாங்க, வாங்க! யாபாடே, யாபாடே” என்றார். யாபாடே என்றால் பரவாயில்லை, ஆகட்டும். சொல்லிவிட்டு ஒரு தடவை கடலைத் திரும்பிப் பார்த்தார். நான் கவனித்தேன், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. காலையில் எஞ்சினைப் போட்டதும் அவருடைய வலை முழுக்க விசிறியில் சுற்றிக்கொண்டு கந்தலானது. கேப்டன் கோபத்தில் குதித்தார். நான் ஊ டின்னிடம் ஓடி, “வலை இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றேன். அவர் என்னவோ தானே தப்புச் செய்தவர் மாதிரி தலையைச் சொறிந்தார். “விருந்தாளியா வந்தவங்கள அங்க போடாதீங்கன்னு எப்படிச் சொல்றது, தம்பி? ஆனாடே.”

அதிலிருந்து ஒவ்வொரு படகிலும் ஏறிய உடனே பாடம் நடத்துவேன்: இங்கே ‘யாபாடே’ என்று ஒரு தரம் சொன்னால் சந்தேகம், இரண்டு தரம் சொன்னால் நிச்சயம் முடியாது, ‘எப்போது, எந்த இடம்’ என்று திருப்பிக் கேட்டால் மட்டுமே சம்மதம்.

அடுத்த மாசம்

பிறகு படகுகள் நின்றன. முதலில் நோய், அப்புறம் நாடு இருக்கும் இருப்பு. ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் டோ மியா டீ கொடுத்து, “அடுத்த மாசம் ஒண்ணு வருது, கோ குமார். யாபாடே, யாபாடே” என்று மரியாதைக்கு ஒரு ‘கோ’ போட்டுச் சொல்வார். நானும் வயிறு குளிர்ந்து திரும்புவேன்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி சேகர் தன் கடையில் வேலைக்குக் கூப்பிட்டான். பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் அவனுக்கு இன்வெர்ட்டர் கடை. கரண்ட் எட்டிப் பார்த்துவிட்டு ஓடும் ஊரில் அந்தக் கடையில் கூட்டம் கேட்கவா வேண்டும். “எப்ப வர்றீங்க மச்சான்? திங்கக்கிழமையே வந்துருங்க” என்றான். அடுத்த மாசம் படகு வருகிறதே என்று மறுத்துவிட்டேன். என் மனைவி மலர், “எந்தப் படகு, என்னைக்கு வருதுன்னு அந்தம்மா சொன்னாங்களா?” என்றாள். “நீ கடலைக் கண்டியா?” என்று எரிந்து விழுந்தேன்.

மழை முடிந்து படகுக் காலம் பிறந்தது. ஆபீசுக்குப் போனேன். மேஜை இருந்த இடத்தில் வெங்காய மூட்டைகள். யாருக்கோ கிடங்காக வாடகைக்கு விட்டுவிட்டு, மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் டோ மியா உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷமாகப் படகு எதுவும் கேட்டு வரவில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட முடிந்தது ஒன்றுதான் ஆறுதல். அவர் பழையபடி டீ ஊற்றினார். “உங்க முகத்தப் பாத்தா இல்லன்னு சொல்ல வரல, கோ குமார். ஆனாடே.”

மச்சான் கடை

தாட்சண்யம் தன நாசம் என்று முணுமுணுத்துக்கொண்டே நேராகத் தின்கன்ஜூனுக்கு பஸ் ஏறினேன். கல்லாவுக்குப் பக்கத்தில் சேகரின் சகலை உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்த்துச் சிரித்தார். சேகர் ஸ்டூல் போட்டான். டீ வரவழைத்தான். “அன்னைக்குச் சொன்ன வேலை...” என்று இழுத்தேன்.

“வாங்க, வாங்க! நம்ம கடை மச்சான். யாபாடே, யாபாடே!” என்றான். சொல்லிவிட்டு ஒரு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தான். எப்போது வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வீட்டில் மலர் வாசலிலேயே நின்றிருந்தாள். சேகர் வரச் சொல்லிவிட்டானா என்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். யாபாடே என்றேன். அவள் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பிறகு மெதுவாகக் கேட்டாள்: “எப்பலருந்துன்னு கேட்டானா?”

இத்தனை வருஷத்தில் எந்தத் துறைமுகமும் என்னை வராதே என்று சொன்னதில்லை, இறங்கத்தான் இடமில்லை.