பட்டு நூல் கட்டிய கன்றுகள்

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் ஒரு பொன்னாடை கிடக்கிறது. பெயர்தான் பொன்னாடை. காஞ்சிபுரத்தில், பட்டுப் பாவு பிணைத்தே வயிறு கழுவுகிற ஒருத்திக்கு, சாயம் ஒட்டுகிற பாலியஸ்டர் துண்டைப் போர்த்திக் கை தட்டினார்கள். நானும் போர்த்திக்கொண்டு பல்லைக் காட்டினேன். போட்டோவில் அந்தப் பல் நன்றாகவே தெரிகிறது. பறவைகள் சரணாலயத்துக்குச் சேவை செய்ததற்காகக் கொடுத்த மரியாதை அது. அந்தச் சேவைக்கு விலையாகப் போனது இன்னொரு மனிதரின் வேலை.

நான் சரணாலயத்துக்குப் போனது பறவை மேல் ஆசைப்பட்டு அல்ல. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தீர்ந்துபோகும் பழைய பாவின் நூலோடு புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பது என் தொழில். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். கண் எரிகிறது என்று டாக்டரிடம் போனால், “தூரத்துல பச்சையா எதையாவது பாருங்கம்மா” என்றார். எங்கள் தெருவில் தூரம் என்பதே எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும்தான். அந்தச் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சரணாலய ஏரிக்கு மரம் நடப் போகிற ஒரு குழு ஆள் சேர்த்தது. தலைவர், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். ஏனாத்தூர்ப் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் சிலர், என்னைப் போல நெசவுத் தெருப் பெண்கள் சிலர். ஆளுக்கு ஒரு பச்சைத் தொப்பி கொடுத்தார்கள்.

டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் அந்த ஏரி. அங்கே கிராமத்துக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு உரம் பாதி போதும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் தொப்பிக் கூட்டத்தின் அன்பைவிட அந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

அங்கே உண்மையில் வேலை பார்த்தவர் ஒருவர்தான். வனத்துறையின் தற்காலிகக் காவலர். ஏரிக்கரைக் காலனிக்காரர், நாற்பது வயதிருக்கும். காலையும் மாலையும் கரையைச் சுற்றி வருவார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை நாய் தூக்குவதற்குள் எடுத்து வைப்பார். வலை போட வருகிறவர்களோடு சண்டை போடாமல், பீடி கொடுத்துப் பேசியே திருப்பி அனுப்புவார். நாங்கள் வருவோம், குழி தோண்டுவோம், போட்டோ எடுத்துக்கொண்டு போவோம். நட்ட கன்றுக்கு மீதி ஆறு நாளும் தண்ணீர் ஊற்றியவர் அவர்.

பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகம். வருஷா வருஷம் நிரந்தரம் ஆக்குகிறோம் என்பார்கள், ஆக்க மாட்டார்கள். அந்த வருஷம் மட்டும் அவர் முகமே வேறு மாதிரி இருந்தது.

“இந்த வாட்டி லிஸ்ட்ல என் பேர் இருக்குதுக்கா. ஆபீஸ்ல என் கண்ணால பாத்தேன். அடுத்த வருஷம் மாசில ஆர்டர் வந்துடும்னு சொல்லிக்கினு இருக்காங்க” என்றார். காக்கிச் சட்டைக்குப் புதுப் பட்டன்கூட வைத்துத் தைத்திருந்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்படுவதற்கு என்ன, செலவா?

கோடையில் ஏரி வற்றியதும் உள்ளே மண் திட்டுகள் அமைத்து, அவற்றின் மேல் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் நட்டோம். மழைக்கு ஏரி நிரம்பினால் திட்டு தீவாகிவிடும். மரம் வளர்ந்தால் பறவைகள் பயமில்லாமல் கூடு கட்டும். இளங்கன்று காற்றில் சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்ட வேண்டும். காவலர் வாழை நாரில் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கெட்டிக்காரி விழித்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுக் கழிவு நூல் கிடக்கும். பாவு பிணைக்கும்போது வெட்டிப் போடும் நுனிகள், அறுந்த இழைகள். பத்து இழை சேர்த்து முறுக்கினால் ஆளே தொங்கலாம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வது வழக்கம். அடுத்த ஞாயிறு ஒரு சாக்கு நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம், எல்லாம் இருந்தன.

காவலர் ஒரு இழையை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

“வாழ நாரே போதும்க்கா. ரெண்டு மழைல மக்கிப் பூடும்.”

“மக்கிப் போனா செடி சாயும்பா. இது மக்கவே மக்காது. எங்க சரக்கு.”

“அதான்க்கா பயமா இருக்குது. கூடு கட்ற நேரத்துல பறவைங்க எது கெடைச்சாலும் எடுத்துக்கினு பூடும்.”

“எடுத்தா எடுத்துக்கினு போவட்டும். பட்டு மெத்தையில படுக்க அதுங்களுக்கும் குடுத்து வெச்சிருக்குதுன்னு நெனச்சிக்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்த ஸ்டாஃப் எல்லாம் இப்படித்தாம்மா. புதுசா எது சொன்னாலும் ஒரு நொட்டை. உங்க ஐடியா பிரமாதம்” என்றார். எனக்கு அந்தப் ‘பிரமாதம்’ போதுமாக இருந்தது. பாவு பிணைக்கிறவளை அதுவரை யார் பிரமாதம் என்றார்கள்? நன்றாகப் பிணைத்தால் இணைப்பே கண்ணுக்குத் தெரியாது. வேலை செய்தவளும் அப்படித்தான்.

தலைவர் சொல்லிவிட்டார் என்று காவலர் கட்ட ஆரம்பித்தார். எங்கள் முடிச்சை நான்தான் காட்டிக் கொடுத்தேன். இழுக்க இழுக்க இறுகும், நழுவவே நழுவாது. அதோடும் விட்டேனா? நுனியை வெட்ட வேண்டாம், முந்தானைக் குஞ்சம் மாதிரி நீளமாகத் தொங்கட்டும், பார்க்க அழகாக இருக்கும் என்றேன். அவர் ஒவ்வொரு கன்றிலும் குஞ்சம் விட்டுக் கட்டினார். வனத்துறையின் பெரிய அதிகாரி வந்து பார்த்துப் பாராட்டினார். பேப்பரில் படம் வந்தது. என் பெயர் குடியரசு தின விழாவில் மரியாதை செய்ய வேண்டியவர்கள் பட்டியலுக்குப் போனது.

ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிரம்பியது. நாரைகள் வந்தன, கூழைக்கடா வந்தது, வக்கா வந்தது. மார்கழியில் பார்த்தால் பெரிய மரங்களிலிருந்த கூடுகளில் சுள்ளிக்கு நடுவே அரக்கும் மஞ்சளும் மின்னின. கன்றுகளில் பாதி, இழை இழையாகக் குஞ்சம் உருவப்பட்டு நின்றன. பார்க்க வந்தவர்கள் பைனாகுலரை வைத்துக்கொண்டு, “காஞ்சிபுரத்துப் பறவையாச்சே, பட்டு இல்லாமலா?” என்றார்கள். நான் அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் காவலர் போன் செய்தார். “அக்கா, ஒரு தபா வந்துட்டுப் போங்க. யாராண்டயும் சொல்லாதீங்க.”

போனேன். கரையிலிருந்தே தெரிந்தது. நத்தைக்குத்தி நாரைக் குஞ்சு ஒன்று கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கியது. ஒரு காலில் மயில் கழுத்து நூல். இன்னும் உயிர் இருந்தது. சிறகை அடித்தது, ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. தாய் மேலே நின்று இரையைக் கக்கிக் கக்கிப் போட்டது. அது குஞ்சைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது.

அவர் சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் மடித்து வைத்துவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினார். என் இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் சின்னக் கத்தரியைத்தான் வாங்கிக்கொண்டு போனார். மரமேறி அறுத்தார். நூல் எலும்பு வரை இறங்கியிருந்தது. அந்தக் குஞ்சு பிழைக்கவில்லை. அன்றைக்கு ஏழு குஞ்சுகளை அறுத்தெடுத்தார். இரண்டு பிழைத்தன. மீதியைக் கரையில் வரிசையாகப் படுக்க வைத்தார். எந்த வீட்டு நூல் எந்தக் காலில் என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த நூல் அறுபடுகிறதா என்று நானும் இழுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை. அதன் உறுதியைச் சொல்லித்தானே பரம்பரை பரம்பரையாக விற்கிறோம்.

“நீ அப்பவே சொன்னியேப்பா” என்றேன்.

“சொன்னா ஆச்சாக்கா? கட்டாம வுட்டிருக்கணும்” என்றார் அவர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

யாருக்கும் சொல்லாமல் இருந்து என்ன? யாரோ பார்வையாளர் எடுத்த வீடியோ இரண்டே நாளில் ஊரெல்லாம் சுற்றியது. பாராட்டிய அதே அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கரையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். தலைவர், காவலர், நான்.

“யாருய்யா கட்டினது இதை?”

“நான்தான் சார் கட்னேன்” என்றார் காவலர். பொய்யில்லை.

“நூல் ஏது?”

காவலர் என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. நீங்களே சொல்லிவிடுங்கள் என்கிற பார்வை. அந்த நேரத்தில் என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பயம் என்று சொன்னால் பாதிப் பொய். விழாவுக்கு நாலே நாள் இருந்தது. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மேடை ஏறப் புடவைகூட எடுத்து வைத்தாயிற்று. அதுதான் காரணம். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்று கிடைக்காதா என்று பல நாள் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

தலைவர் முந்திக்கொண்டார். “டொனேஷனா வந்தது சார். நாங்க வாலன்டியர்ஸ். சண்டேல வந்து சொன்ன வேலையைச் செஞ்சிட்டுப் போறவங்க. எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாதுன்னு கைட் பண்ண வேண்டியது ஸ்டாஃப்தானே?”

அதிகாரி தலையாட்டினார். அவர் பாராட்டிய படம் பேப்பரில் வந்திருந்ததால், அவருக்கும் அந்தப் பதில் சௌகரியமாக இருந்தது. காவலரின் விளக்கம் கேட்டு ஒரு தாள் எழுதினார்கள். அவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்துவிட்டு, மறுபடியும் நூல் அறுக்கத் தண்ணீர்ப் பக்கம் போனார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பாவம் அங்கேயே, கரையில், பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது.

நாலாம் நாள் மேடையேறினேன். எனக்குப் போர்த்தினார்கள்.

மாசியில் லிஸ்ட் வந்தது. அவர் பெயர் இல்லை. இருந்த தற்காலிக வேலையையும் நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு வந்த ஆள் கையெழுத்துப் போட மட்டும் ஏரிக்கு வந்தார். தலைவர் அடுத்த கோடையில் ‘இயற்கை நார் இயக்கம்’ என்று ஒன்று தொடங்கி, வாழை நாரின் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் அதற்குப் பிறகு குழுவுக்குப் போகவில்லை. ஏரி வற்றியதும் தனியாகப் பஸ் ஏறிப் போய், கன்றுகளில் மீதியிருந்த நூலையெல்லாம் வெட்டி எடுத்தேன். கைக்கு எட்டியது வரை. பழைய கூடுகளில் இருந்தது எட்டவில்லை. மரமேற எனக்குத் தெரியாது, தெரிந்தவரை அனுப்பிவிட்டோம்.

போன மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்குப் பாவுக் கணக்கு விஷயமாகப் போனேன். வாசலில் தொப்பியும் ஜரிகை வைத்த கோட்டும் போட்டு ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

“வாங்கக்கா” என்றார். “மரத்து மேல இருந்த நூலெல்லாம் எடுத்துட்டாங்களா?”

இல்லை என்றேன். அவர் உச்சுக் கொட்டினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வாசலென்றும் பார்க்காமல் அழுதேன். “நூல் என்னுதுன்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்பா. என் வாயில மண்ணு” என்றேன்.

அவர் கோபமில்லாமல், நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“சொல்லியிருந்தா உங்கள இன்னாக்கா பண்ணியிருப்பாங்க? ஒண்ணியும் பண்ணியிருக்க மாட்டாங்க. நீங்க சம்பளத்துக்கா வந்தீங்க? ‘சாரி சார்’னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிருக்கும்.”

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே இறங்கியது. “கொஞ்சம் நகுந்து நில்லுங்கக்கா” என்று சொல்லிவிட்டு, அவர் கதவைத் திறக்கப் போனார்.