வேலைக்குத் தகுதி

எழுபதுகளில் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கம்பவுண்டர். காய்ச்சலோடு வந்த தொழிலாளி வள்ளிக்கு, ‘வேலைக்குத் தகுதி’ என்று ஜன்னல் வழியாகவே சீட்டு கொடுத்தேன். கைவைத்தியம் தெரிந்த சக தொழிலாளி பேச்சியம்மாள், வள்ளியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, வேலைக்கு இழுக்க வந்த கங்காணியை மறித்தாள்.

“சளி நெஞ்ச அடச்சிருக்கு. இவ கொழுந்தெடுக்க வரமாட்டா. வெட்டணும்னா எம்பேர வெட்டும்வே!”

என் சீட்டை மீறினாள் என்று தோட்டத்துத் துரையிடம் சொல்லி, வேலைப் பதிவேட்டில் பேச்சியம்மாள் பெயரை வெட்டவைத்தவன் நான். வேலையோடு, தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. அன்றே அவள் வள்ளியை முதுகில் சுமந்து, மழையில் மலையிறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மூன்றாம் நாள் வள்ளி இறந்தாள்.

சாமான்களை எடுக்க வந்த பேச்சியம்மாள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

“கம்பவுண்டரே, அன்னைக்கு அவ கையத் தொட்டாவது பாத்தீரா?”

“பார்த்தேன்” என்றேன்.

பார்க்கவில்லை. அவளிடமாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.