கோல்கீப்பர் இறங்குகிறான்

சூடு ஆறாத ஜெராக்ஸ் தாளின் வாடை அடிக்கிற கடைவாசலில் அன்றைக்கு நாங்கள் நான்கு பேர் இருந்தோம். வீரபாண்டிச் செல்வம், ராயப்பன்பட்டி அருள்ராஜ், ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவரின் மகன் கண்ணன், அப்புறம் நான். இல்லாதவன் பிஜு. பேச்செல்லாம் இல்லாதவனைப் பற்றித்தான் நடந்தது.

பிஜு எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். குமுளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வந்தவன். எங்கள் ஊர்ப் பெயர்களில் வரும் ‘பட்டி’ என்ற சொல் அவன் பேசும் மலையாளத்தில் நாயைக் குறிக்கும் என்பதால் அருள்ராஜின் ஊர்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பான். அவன் ஆட்டத்தைக் ‘களி’ என்று சொல்லும்போது, “அது ஜெயில்ல போடுறதுலே” என்று நாங்கள் சிரிப்போம். அரையிறுதியில் எதிராளியின் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தவனுக்கு வலதுகை நடுவிரல் வீங்கிவிட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு மறுநாள் பிற்பகல் மதுரையில் இறுதி ஆட்டம். அணி முதல்நாளே அங்கே போய்த் தங்கியிருந்தது. பிஜுவும் கட்டுப்போட்ட கையோடு கூடவே போயிருந்தான்.

குளிர்காலத்தில் முடிந்திருக்க வேண்டிய அந்த ஆட்டம் மழையாலும் மைதானம் கிடைக்காததாலும் தள்ளித் தள்ளி ஏப்ரலுக்கு வந்து, எங்கள் வரலாற்றுப் பட்டப்படிப்பின் கடைசித் தாள் நடக்கிற அதே பிற்பகலில் விழுந்திருந்தது. ஆடுகிறவர்களுக்குப் பிறகு தனித்தேர்வு உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். பார்க்கிறவர்களைப் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அந்தத் தாளில் தேறினால் ஜூன் மாதம் பி.எட். சேரலாம். விட்டால் நவம்பரில் எழுதி, அதற்கடுத்த ஜூன் வரைக்கும் காத்திருக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த அப்பா, “பய ஜூன்ல வாத்தியார் படிப்புக்குப் போறான்” என்று கூடவேலை செய்கிறவர்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். மற்ற மூவரும் அதே ஜூனைத்தான் நம்பியிருந்தார்கள்.

ஆகவே விவாதத்துக்கு ஒரு விதி தானாகவே அமைந்தது. ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தால் போகலாம், தோற்கிற ஆட்டத்துக்காகப் பரீட்சையை விடுவது மடத்தனம். மூன்று வருடத்தில் எங்கள் கல்லூரி இறுதி ஆட்டத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை என்பதால், விதியிலிருந்த கோளாறு யாருக்கும் தெரியவில்லை. நாளைய ஆட்டத்தின் முடிவை இன்றைக்கே ஜெராக்ஸ் கடைவாசலில் தீர்மானித்துவிட முடியும் என்று உண்மையாகவே நம்பினோம்.

செல்வம் எப்போதும் ஜெயிக்கிற பக்கம். “அரையிறுதியில எத்தன கோல் போட்டோம், மூணு. அவய்ங்க எத்தன போட்டாய்ங்க, ஒண்ணு. கணக்கு முடிஞ்சுபோச்சுல்ல” என்றான்.

மாதா கோயில் மைதானத்தில் நடக்கப் பழகியதிலிருந்தே பந்து உதைத்து வளர்ந்த அருள்ராஜ் அதை ஏற்கவில்லை. “அந்த ஒண்ணு ஏன் ஒண்ணா நின்னுச்சு? பிஜு நின்னதால நின்னுச்சு. அவன் இல்லாட்டி அந்த ஃபர்ஸ்ட் இயர் பய நிப்பான். அவன் பந்து வந்தா வழிவிட்டுக் கும்பிடு போடுறவன்லே.”

“நீ எந்த ஊருக்கு ஆடுற? மதுரக்காரன் ஒனக்கு பரோட்டா வாங்கிக் குடுத்தானா?”

“வாங்கிக் குடுத்தா ஒனக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாரேன். கோல்கீப்பர் யாருன்னு சொல்லு மொதல்ல.”

எல்லாம் ஒரு விரலில் வந்து நின்றது. பிஜு ஆடினால் ஜெயிப்போம் என்பதை அருள்ராஜும் ஒப்புக்கொண்டான். ஆடாவிட்டால் தோற்போம் என்பதைச் செல்வம்கூட மறுக்கவில்லை. பிஜுவையே கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

தமிழில் கேட்டிருந்தால் பிஜு தமிழிலேயே பதில் சொல்லியிருப்பான். மூன்று வருடத்தில் எங்களைவிட நன்றாகத் திட்டப் பழகியிருந்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் மலையாளம் தனக்குத் தெரியும் என்றொரு நினைப்பு உண்டு. கண்ணனுக்கு அது கொஞ்சம் கூடுதல். விடுமுறையில் அப்பாவோடு ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தவன், ஜீப்பில் ‘கேறு’ என்றால் ஏறு, ‘எறங்ஙு’ என்றால் இறங்கு என்ற அளவுக்கு அந்தப் பாஷையைக் கற்றிருந்தான். “குடு இங்கன, நான் பேசுறேன்” என்று கைப்பேசியை வாங்கி, சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

“பிஜு, நாளெ களிக்குமோ?”

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம். மலையாளத்தில் கேட்டவனுக்கு மலையாளத்திலேயே பதில் சொல்வதுதான் மரியாதை என்று பிஜு நினைத்திருக்க வேண்டும். விரலைப் பற்றியும் பயிற்சி தரும் சாரைப் பற்றியும் வேகமாக ஏதோ சொன்னான். கண்ணன் எல்லாவற்றுக்கும் “ஆ, ஆ” என்றான். கடைசியில் தெளிவாகக் கேட்டது ஒன்றுதான். “என்னா செரி, ஞான் எறங்ஙுவா.”

“எறங்குறானாம்” என்றான் கண்ணன்.

“அவன் வாயாலயே சொல்லிட்டாம்ல, எறங்குறேன்னு” என்று செல்வம் எழுந்தே விட்டான். “கட்டுப்போட்ட கையோட களத்துல எறங்குறான். நாம இங்கன ஒக்காந்து பரிச்ச எழுதணுமாக்கும்?”

அருள்ராஜ் மட்டும், “நாலு நிமிசம் பேசுனான், ஒரு வார்த்தையச் சொல்ற?” என்று கேட்டான். அப்படியே இறங்கினாலும் தான் வரப்போவதில்லை என்றும், பந்து அடுத்த வருடமும் உருளும் என்றும் சொல்லிவிட்டு, நகலெடுத்த பழைய வருடக் கேள்வித்தாள்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பந்தைப் பற்றி உண்மையில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பது எங்களுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் பகல் மூவரும் மதுரைக்குப் போனோம். தேர்வு தொடங்கும் நேரத்தில் மைதானத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தோம். அணி வெளியே வந்தபோது கோல்கீப்பர் சட்டையில் இருந்தவன் அந்த முதலாம் ஆண்டுப் பையன். செல்வம் கம்பியருகே ஓடிப்போய், பிஜு எங்கே என்று அவனிடமே கேட்டான்.

“நேத்து சாயந்தரமே ஊருக்குப் போயிட்டாப்லண்ணே. வெரல்ல எலும்பு விட்டிருக்குன்னு சொன்னாக.”

நாங்கள் இருவரும் கண்ணனைப் பார்த்தோம். இரண்டாவது கோல் விழுந்த பிறகுதான் அவன் சொன்னான். “அவுக பாஷையில, போய்ட்டு வாரேங்கிறதையும் எறங்குறேன்னுதான் சொல்வாக போல.”

நான்கு கோல் வாங்கினோம். ஒன்றும் போடவில்லை. அந்தப் பையனைக் குறைசொல்வதற்கில்லை, அவனால் ஆனதைச் செய்தான்.

தேர்வு முடிவு வரும்வரை வீட்டில் சொல்லாமலிருந்தேன். வந்த அன்று நான் சொன்னதும் அப்பா கைகழுவிக்கொண்டே கேட்டார்.

“மொத்தம் எத்தன பேரு ஆடுனாக?”

“இருபத்திரெண்டு பேருப்பா.”

“அவுகளுக்கெல்லாம் வருசம் போயிருச்சா?”

“இல்லப்பா. அவுகளுக்குத் தனியாப் பரிச்ச வச்சாக.”

“அப்ப ஆடுனவனுக்குப் போகல. பாத்தவனுக்குப் போயிருச்சு.” அந்த ஜூன் மாதம் முழுக்க, மகன் எங்கே சேர்ந்தான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது நான் பழனிசெட்டிபட்டியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அந்தக் கல்லூரியில் கால்பந்து அணி இல்லை. நாங்கள் வெளியேறிய இரண்டாம் வருடம் பதினோரு பேர் சேராமல் நின்றுபோனதாம். என் மாணவர்கள் தொலைதூர நாட்டு அணிகளைப் பற்றிக் கைப்பேசியில் வாதிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஆட்டமும் தெரிகிறது, எந்தப் பாஷையில் பேசினாலும் எழுத்தில் பொருளும் வந்துவிடுகிறது. ஒரு சொல்லை நம்பி யாரும் பஸ் ஏறுவதில்லை. அருள்ராஜ் எனக்கு ஒரு வருடம் முன்பே பி.எட். முடித்து, ஒரு வருடம் முன்பே வேலையில் சேர்ந்தான். செல்வமும் கண்ணனும் என்னைப்போலவே நவம்பரில் எழுதி, மறுவருடம்தான் மேலே சேர்ந்தார்கள். தொண்ணூறு நிமிட ஆட்டம் அது. பார்க்கப் போன எங்கள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்றாக மூன்று வருடம் ஆயிற்று.