இன்னும் திறக்கல்ல

மாரி மழை விடாமல் ஊற்றிய காலை அது. என் கணவர் ஊருக்கு மேற்கே வட்டையில், வயல்களுக்கு நடுவே நின்றார். மாடுகளை மேட்டுக்கு ஏற்றப் போனவர். குளத்துத் தண்ணீரை வெளியே விடும் வான்கதவைத் திறந்தால் அவர் திரும்பிவரும் பாதை மூழ்கிவிடும். திறக்கப் போகிறார்களா, இல்லையா? அது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஊர் வட்சப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ‘வான்கதவுகள் இன்று...’ அவ்வளவுதான். மீதியை வாசிக்க நீல எழுத்தைத் தொட வேண்டுமாம். தொட்டேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அதே போனில் யாரோ சிரிக்க அனுப்பிய பகிடி வீடியோ மட்டும் தங்குதடையின்றி ஓடுகிறது! குழுவில் எல்லோரும் அந்தச் செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்த நேரம் பார்த்து என் கணவர் அழைத்தார்.

“என்ன புள்ள, திறந்திட்டா?”

அவரும் அதே குழுவில் இருப்பவர். அவருக்கும் அந்தச் செய்தி திறக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

“இல்லங்க, இன்னும் திறக்கல்ல.”

“அப்ப சரி, மாட்டையெல்லாம் ஏத்திப்போட்டு வாறன்.”

சந்தியில் போனுக்குக் காசு ரீலோட் போடும் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் காத்தான்குடிக்காரர். போனை வாங்கிப் பார்த்தார்.

“அக்கா, நீங்க போட்டிருக்கிறது வட்சப் மட்டும் ஓடுற பெக்கேஜ். செய்திப் பக்கம் அதுக்குள்ள வராது.”

“அப்ப வெள்ளம் எந்தப் பெக்கேஜுக்குள்ள வரும்?” என்று கத்திவிட்டேன்.

அவர் தன் போனில் திறந்து காட்டினார். விடியவே வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். என் கணவர் எதைக் கேட்டார், நான் எதைச் சொன்னேன் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.

நெட் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இருந்தவள் நான். பகிடிக்கு வழி விட்டு வெள்ளச் செய்தியை மறிப்பது எந்த ஊர்ச் சட்டம்? அந்தப் பெக்கேஜை மலிவாகத் தந்தார்களா, நெட்டைக் குறைத்துத் தந்தார்களா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பொழுதுபட அவரைத் தோணியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவருக்கு உடம்பெல்லாம் நடுக்கம். மாடுகளில் பாதி இல்லை. ஆள் வந்து சேர்ந்ததே போதும் என்று அழுதேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“நீதானே புள்ள, திறக்கல்ல எண்டு சொன்ன?”

போனை நீட்டினேன். வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“இப்பவும் திறக்கல்லதான்,” என்றேன்.