ஸ்லிப் வாங்காமல் போன ஆஸ்பத்திரி

2008ஆம் வருடம், ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. ஹைதராபாத்தில், அல்வாலில் எங்கள் வீட்டு வாசல். ஆபீசுக்குக் கிளம்பிய என் கணவர் ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தார். ஒரு காலுக்குக் கட்டினார். அடுத்த காலுக்குக் குனியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு இதயத் துடிப்பில் கோளாறு இருப்பது அதற்கு முந்தைய வருடமே தெரியும். துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடும். பிறகு தானாக அடங்கும். அதற்கு மாத்திரையும் உண்டு. இதைக் கேள்விப்பட்டவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மேல்வீட்டுக்காரர் வெறும் கேஸ் டிரபிள் என்றார். என் நாத்தனார் போனில் இஞ்சிச் சாறு கொடுக்கச் சொன்னார். எங்கள் மகள் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். இங்கேயே படித்து வளர்ந்தவள், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பாள். "மா, நெட்ல சூசானு. டென்ஷன்தான். டாடிகி செப்பு, ஆபீஸ் ஃபைல் இன்டிகி ஒத்து" என்றாள். நெட்டில் பார்த்தாளாம், ஆபீஸ் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் அப்பாவுக்கு இதயம் சரியாகிவிடுமாம்.

எனக்கு இந்த ஊகமெல்லாம் ஆகாது. இதய டாக்டரைப் பார்க்கப் போனபோது நேராகவே கேட்டேன். "டாக்டர், எப்ப ஓடி வரணும், எப்ப வீட்டுல இருக்கலாம், அதை மட்டும் எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க." என் கணவர் மேசைக்கு அடியில் என் காலைத் தட்டினார். டாக்டரிடம் இப்படியா பேசுவது என்று அர்த்தம். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்.

படபடப்பு வருகிறது, ஆனால் ஆள் தெளிவாகப் பேசுகிறார், நடக்கிறார், வேறு தொந்தரவு இல்லை என்றால் உட்காரவைத்துக் கவனிக்கலாம். அடங்காமல் நீடித்தாலோ, அடிக்கடி வந்தாலோ தனக்குப் போன் செய்துவிட்டு வரலாம். படபடப்போடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம், சில்லென்ற வியர்வை இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் யோசிக்கவே கூடாது, நேரே எமர்ஜென்சிக்கு வர வேண்டும். வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை காலில் பலம் போவது, இதெல்லாம் வந்து சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும் கூட வந்தே ஆக வேண்டும். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு ரத்தம் கட்டி மூளைக்குப் போகிற ஆபத்து உண்டு.

இதை நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அதன் பிறகு பல முறை படபடப்பு வந்தது. நான் ஓடவில்லை. அவரை உட்காரவைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் திருச்சியில் படித்த காலேஜை மட்டமாகப் பேசுவேன். அவருக்கு அந்தக் காலேஜைச் சொன்னால் ஆகாது. மூச்சு விடாமல் சண்டைக்கு வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் துடிப்பும் அடங்கிவிடும். நாத்தனாருக்கு என் வைத்தியம் பிடிக்கவில்லை. "உடம்பு முடியாதவன்கிட்டப் போய் வம்பு இழுக்கறியே, நீ மனுஷியா?" என்றார். இழுக்கத்தான் செய்வேன்.

அன்று வாசலிலும் அதைத்தான் செய்தேன். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, மறுபடி தடதடவென்று ஓடியது. "என்ன, அந்தக் காலேஜ்ல லேஸ் கட்டக்கூடச் சொல்லித் தரலையா?" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "இல்ல... நெஞ்சு..." என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். காலர் நனைந்திருந்தது. நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. இது வேறு.

இந்த இடத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஊழியர்களுக்கென்று ஒரு டிஸ்பென்சரி உண்டு. என்ன நோய் வந்தாலும் முதலில் அங்கே போய், அங்குள்ள டாக்டரிடம் ஸ்லிப் வாங்கி, அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல்வலிக்கும் ஸ்லிப், கண்ணாடி மாற்றவும் ஸ்லிப். ஏற்பாட்டைக் குறை சொல்லவில்லை, அதனால் பிழைத்தவர்கள் நாங்கள். ஆனால் வருடக்கணக்காகப் பழகினால் காய்ச்சல் என்றதும் கால் தானாக டிஸ்பென்சரிப் பக்கம் திரும்பும். என் கணவர் இன்னும் ஒரு படி மேலே. ஸ்லிப் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் மருத்துவ பில்லைத் திருப்பி அனுப்புகிற மேசையே அவருடையதுதான்.

"டிஸ்பென்சரி திறந்திருப்பான். ஸ்லிப்... வாங்கிட்டு..." என்றார்.

"திங்கட்கிழமை அங்க கியூ தெரு வரைக்கும் நிக்கும். நேரா ஆஸ்பத்திரிதான்."

"ஸ்லிப் இல்லாம போக முடியாது."

"அவசரம்னா போலாம்னு ரூல் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவசரம்னு யாரு சொல்றது?" மூச்சு வாங்கினார். "எல்லாரும்தான்... அவசரம்னு எழுதறான். எத்தனை பேருதைத் திருப்பியிருக்கேன். நாளைக்கு என் பேப்பர் என் மேசைக்கே வரும்டி."

"வரட்டும். நீங்க உசிரோட உக்காந்து திருப்பி அனுப்புங்க."

அவர் எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அந்த நிலையில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகிறாராம். எனக்கு வந்த கோபத்தில் சாவியைப் பிடுங்கி குரோட்டன்ஸ் தொட்டிக்குள் வீசினேன். அவருடைய மாத்திரைப் பட்டைகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டு, தெருமுனை ஆட்டோவைக் கத்திக் கூப்பிட்டேன். பெரியவர் ஒருவர் ஓட்டி வந்தார். இரண்டு பேருமாகக் கைத்தாங்கலாக அவரை ஏற்றினோம்.

மெயின் ரோட்டுக்கு வந்தால் இடது பக்கம் டிஸ்பென்சரி, வலது பக்கம் ஆஸ்பத்திரி. அவர் என் தோளில் சாய்ந்தபடியே, "லெஃப்ட்" என்றார். நான் "ரைட்" என்றேன். அவர் மறுபடியும் "லெஃப்ட்" என்றார். ஆட்டோ முக்கில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "ஏக் ஜன் போலோ அம்மா. ஆட்டோ தோ தரஃப் நை ஜாதா." ஒருத்தர் சொல்லுங்கள், என் ஆட்டோ இரண்டு பக்கமும் போகாது என்கிறார்.

"மை போல்ரீ. ரைட்!" என்றேன்.

"சாப் நக்கோ போல்ரே?" ஐயா வேண்டாம் என்கிறாரே என்றார்.

"சாப் கல் போலேங்கே. ஆஜ் மேரி சுனோ!" ஐயா நாளைக்குப் பேசுவார், இன்றைக்கு நான் சொல்வதைக் கேள் என்று கத்தினேன். என் ஹிந்தி எப்படி இருந்ததோ தெரியாது, குரல் அவருக்கு நன்றாகவே புரிந்தது. "ஹவ், ஹவ்", சரி சரி, என்று வண்டியை வலது பக்கம் ஒடித்தார். போகிற வழியில் என் கணவரின் கண் செருகியது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். அதற்குக் கண்ணைத் திறந்தார்.

எமர்ஜென்சி வாசலில் இருந்த ஊழியன் ஒருவன், "ஸ்லிப் ஹை கியா?" என்று ஆரம்பித்தான். என் கணவரின் அலுவலக அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டான். நான் அவன் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, நெஞ்சு வலி, மூச்சு திணறுகிறது, இப்போது மயங்கினார் என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அழுதுகொண்டிருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது. ஸ்ட்ரெச்சர் வந்தது.

டியூட்டி டாக்டர் ஒரு பெண். தெலுங்குக்காரர், தமிழும் கலந்து பேசினார். வேக வேகமாகக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது? காபி குடிக்கும்போது நன்றாக இருந்தார், ஷூ போடும்போது ஆரம்பித்தது என்றேன். என்ன மாத்திரை? பையைக் கவிழ்த்தேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தினமும் போடுகிறாரா? ஒரு நாளும் விட்டதில்லை, நானே கையில் கொடுப்பது என்றேன். ஈசிஜி எடுத்தார்கள். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. மருந்து கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை, தூக்க மருந்து கொடுத்து மின் அதிர்ச்சி வைத்துத்தான் துடிப்பைச் சரிசெய்ய வேண்டும் என்றார். செய்யுங்கள் என்றேன். திரையை இழுத்து மூடினார்கள்.

அந்தத் திரைக்கு வெளியே, காலியான மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் அதுவரை போகாமல் நின்றிருந்தார். ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டர் வெளியே வந்து, "ரிதம் வந்துருச்சு மேடம். மஞ்சி டைம்ல தெச்சாரு" என்றார். நல்ல சமயத்தில் கொண்டுவந்தீர்கள் என்று பாராட்டிய கையோடு திட்டும் விழுந்தது. ஆட்டோவில் வரும்போது இதயம் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், 108க்குப் போன் செய்தால் கருவியோடு வருவார்களே என்றார். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. இதைப் படிக்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும், அதனால் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். என் கணவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் குனிந்தேன். "டிஸ்பென்சரிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன். நீங்க போய்ச் சேரலைன்னும் சொல்லிட்டேன்" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கும் தமிழ் தெரியும் போலிருக்கிறது.

டிஸ்பென்சரி டாக்டர் அன்று மாலையே பார்க்க வந்தார். கட்டில் ஓரம் நின்று, "இந்த நிலைமையில கியூவுல வந்து நின்னிருந்தா நானே உங்களைத் திட்டி இங்கதான் அனுப்பியிருப்பேன். அதுக்குள்ள நீங்க கீழ விழுந்திருப்பீங்க" என்றார். டாக்டர் போன பிறகு என் கணவர் மெதுவாகக் கேட்டார். "அது அவசரம்னு உனக்கு எப்படிடி அவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சுது? எனக்கே தெரியலையே. ஏதோ களைப்பு, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்னுதான் இருந்தது."

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் எரிந்து விழவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் திரும்பச் சொன்னேன். சொன்ன அன்று அவரும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். முதல் தடவை கேட்பவர் போலக் கேட்டுக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்த டிஸ்பென்சரி டாக்டரைத் தன் பிரிவுக்கு அழைத்து, எது அவசரம், எது இல்லை என்று எல்லோருக்கும் பேசச் சொன்னார். யார் சொல்லியும் செய்யவில்லை, தானாகச் செய்தார். அடுத்த வருடம் எதிர் பிளாக்கிலிருந்து ஒரு பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கணவருக்குப் படபடப்பாம், பயந்துபோய் அழுதாள். போய்ப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்து, "எதுக்கு ஊரைக் கூட்டற?" என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தார். வலி இல்லை, வியர்வை இல்லை, மூச்சு சீராக இருந்தது. "முகத்தைக் கழுவு, உன் புருஷன் நல்லா இருக்கார். இன்னைக்கே டாக்டர்கிட்டக் காட்டு, கியூவுல நின்னே காட்டலாம். நடுவுல நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தா 108" என்றேன். அவள் போய்க் காட்டினாள். மாத்திரையோடு திரும்பி வந்தார்கள்.

பயந்து ஓடவும் தெரியாமல், துணிந்து காத்திருக்கவும் தெரியாமல் எத்தனையோ வீடுகள் தவிப்பதை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். நோயாளிக்குத் தன் ஆபத்து தெரியாமல் போகலாம், கூட இருக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்த பிறகு யார் சம்மதத்துக்கும் நிற்கக் கூடாது என்பதை, காலையில் அவர் ஆபீஸ் கிளம்புவதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் நான் நினைத்துக்கொள்கிறேன்.