அடிச்சேன், எடுக்கல

சேலம் ஜங்ஷன் நடைமேம்பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி, இறங்கிய வேகத்திலேயே திரும்பி ஏறிக்கொண்டிருக்கிறார் அற்புதராஜ். முதுகில் பச்சை நிறத்தில் ஒரு பட்டாளத்துப் பை. பைக்குள் ஆற்று மணல். கோவை வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவரையும் தங்களைப் போல ஒருவர் என்று நினைத்து வழி விடுகிறார்கள். அதே ஆள் மறுபடியும் மறுபடியும் எதிரே வரும்போதுதான் சந்தேகம் வருகிறது. ஒருமுறை வடநாட்டுக் குடும்பம் ஒன்று, பெரியவர் பாவம் நடைமேடை தெரியாமல் அலைகிறார் என்று முடிவு செய்து, கையைப் பிடித்து விசாரணை கவுன்டரில் கொண்டுபோய் விட்டது. கவுன்டரில் இருந்தவர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அற்புதராஜ் பதில் வணக்கம் சொல்லிவிட்டு மறுபடியும் படியேறப் போனார்.

ரயில்வே போலீசுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை அந்தப் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். "மணலுங்க" என்பார். எதற்கு என்று கேட்டால், "கனத்துக்குங்க." அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு எதுவும் தோன்றாது. கேட்பதற்கு முன்பே பிளாட்பார டிக்கெட்டையும் எடுத்து நீட்டிவிடுவார். ரயில்வேயில் தலை நரைத்தவர், டிக்கெட் எடுக்காமல் அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை.

ஒல்லியான உடம்பு, நீளமான கழுத்து. தூரத்தில் எதையாவது பார்க்கும்போது மட்டும் முகத்துக்கு ஒரு களை வரும். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கையில் அது போய்விடும். சூரமங்கலத்தில் வீடு. சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் ராணுவம். அந்த ராணுவத்தில்தான் ஆடு வருகிறது.

லடாக்கில் சீன எல்லையை ஒட்டிய ஒரு காவல் சாவடியில் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்திருக்கிறார். எதிரி வருகிறானா என்று தொலைநோக்கியில் பார்ப்பது வேலை. எதிரி வரவில்லை. விடியும்போது எதிர்மலை முகட்டில் காட்டுச் செம்மறிகள் வந்து நின்றன. ஆர்கலி என்று பெயர். "நம்மூரு கன்னுக்குட்டி ஒசரமுங்க. கொம்பு கைமுறுக்காட்டம் சுத்திக்கிட்டு வரும். அதத் தூக்கிக்கிட்டு அந்தச் செங்குத்துல அது நடக்கறது இருக்குதே, ஏதோ நம்ம ஊட்டு வாசல்ல நடக்கறாப்புல." கையில் துப்பாக்கி இருந்தது. சுட அனுமதி இல்லை. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஆட்டில் ஒன்றை முறைப்படி வேட்டையாடிவிட்டுத்தான் சாவது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சிலருக்கு மலையைப் பார்த்தால் ஏறத் தோன்றுகிறது, சிலருக்கு நிலத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றுகிறது, தனக்கு இது என்றார்.

நம் நாட்டில் காட்டு விலங்கைச் சுட்டால் ஜெயில். அவர் வீட்டுக் கூரைக்கு வந்த மரநாயைக்கூடக் கைதட்டித்தான் விரட்டினார். கிர்கிஸ்தானில் வயதான கிடாய்களில் சிலவற்றை மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு சுட அரசே அனுமதிக்கிறது என்று எங்கோ படித்தார். அதன் பிறகு அவருடைய வாழ்க்கை அந்தப் பக்கம் பார்த்தே நடந்தது. லோக்கூர் கணவாயில் வண்டி ஊர்ந்து ஏறும்போது கார்டு பெட்டியின் பின்னால் நின்று, கடந்து போகிற ஒவ்வொரு பாறையிலும் ஒரு கிடாயை நிறுத்திப் பார்ப்பார். தூரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கணக்குப் போடுவார். ரைபிள் கிளப்பில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கஞ்சமலை ஏறினார். மற்ற நாட்களில் மலைக்கு மூச்சைப் பழக்க, மணல் பையோடு ஜங்ஷன் பாலம் ஏறினார். மனைவி தெரசம்மாளுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே விஷயம் தெரியும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்பதற்கு முன்னால் ஆட்டைப் பற்றித்தான் சொன்னாராம். "குடிக்கறதுக்கு இது தேவலன்னு நெனச்சேன்" என்கிறார் தெரசம்மாள்.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மகள் மெர்லினின் கல்யாணம் நடந்தது. மீதி ஆட்டுக்குப் போனது.

கிர்கிஸ்தான் விமானத்தில் அவரைச் சுற்றி முழுக்க மருத்துவ மாணவர்கள். நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகிற நாடு அது. பக்கத்து இருக்கையில் எருமப்பட்டிப் பெண், இலக்கியா என்று பெயர். இவரையும் யாரோ ஒரு மாணவியின் அப்பா என்று நினைத்து, பொண்ணு எந்த இயர் அங்கிள் என்று கேட்டிருக்கிறாள். "பொண்ணு இல்ல சாமி, ஆடு சுடப் போறேன்" என்றிருக்கிறார். இறங்கும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வழிகாட்டியின் பெயர் அஸ்கர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரு கைப்பிடி, அற்புதராஜுக்குத் தெரிந்தது இன்னொரு கைப்பிடி, இரண்டும் ஒன்றில்லை. குதிரையில் ஏறி, கம்பளிக் கூடாரத்தில் தங்கி, மூச்சு முட்டுகிற உயரத்தில் பல நாள் காத்திருந்தார்கள். வந்ததெல்லாம் பெட்டையும் குட்டியும். கடைசியில் ஒரு சாயங்காலம் எதிர்ச்சரிவில் கிழட்டுக் கிடாய் ஒன்று தனியாக மேய்ந்துகொண்டு வந்தது. அஸ்கர் தோளைத் தொட்டார். அற்புதராஜ் பாறையில் படுத்து, வாடகைத் துப்பாக்கியைப் பையின் மேல் வைத்து, நாற்பது வருடமாக மனதுக்குள் செய்துகொண்டிருந்ததைச் செய்தார். விசையை அழுத்துகிற நேரத்தில் கிடாய் ஓரடி எடுத்து வைத்துவிட்டது.

குண்டு வலது முன்னங்காலில் பட்டது. ஈர மூட்டையில் தடியால் அடித்தது போலச் சத்தம் வந்ததாகச் சொன்னார். கிடாய் மூன்று காலில் சரிவு ஏறிப் போனது. முகட்டுக்குப் போனதும் நின்று திரும்பிப் பார்த்தது. வானம் பின்னால் இருக்க, கொம்பு இரண்டும் தெரிய, அசையாமல் நின்றது. இன்னொரு குண்டு துப்பாக்கியில் தயாராக இருந்தது. அஸ்கர் அவர் மொழியில் ஏதோ கத்தினார். சுடு என்பதாகத்தான் இருக்கும்.

"சுட்டுருக்கோணும்" என்றார் அற்புதராஜ். "லடாக்குல நின்னது அப்படியேதாங்க நின்னுச்சு. பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

பிறகு கிடாய் முகட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் எல்லைப் பகுதி. தனி அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. இரவில் பனி கொட்டியது. மறுநாள் முகடு வரை தேடிப் போனார்கள், ரத்தத் தடம்கூட மூடிப் போயிருந்தது. காயம்பட்ட ஆடு வேட்டையாடப்பட்ட ஆடாகவே கணக்கு என்பது அங்கே சட்டம். அஸ்கர் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

ஊரில் அதற்குள் ஏற்பாடுகள் நடந்திருந்தன. ரைபிள் கிளப்பில் கூட இருக்கும் ஹார்டுவேர் கடை தனசேகர், வேட்டைச் சிங்கமே வருக என்று தெரு முனையில் பிளெக்ஸ் வைத்திருந்தார். ஒரு பக்கம் அற்புதராஜின் பாஸ்போர்ட் போட்டோ. மறுபக்கம் இணையத்தில் எடுத்த ஆடு. அவசரத்தில் அது ஏதோ அமெரிக்க ஆடாக அமைந்துவிட்டது. அற்புதராஜ் பெட்டியோடு ஆட்டோவிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் முதலில் பிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: "அடிச்சேன், எடுக்கல." அதைச் சிலர் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள், சிலர் தோல்வியாக. அவர் யாரையும் திருத்தவில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஃபாதர் முழுவதையும் கேட்டுவிட்டு, உரிமம் வாங்கித்தானே சுட்டீர்கள், இது பாவத்தில் சேராது என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பினார். அற்புதராஜ் அடுத்த வாரமும் போய் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரமும். நான்காவது வாரம் ஃபாதர் தெரசம்மாளைக் கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் நலமா என்று மட்டும் விசாரித்தார்.

தெரசம்மாளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கிச் சாப்பிடுகிற மனிதரை அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். தூங்குவதில்லை. பேசினால், அது இந்நேரம் கஷ்டப்படுமா, செத்திருக்குமா என்பது தவிர வேறு பேச்சில்லை. கால் ஊனமான ஆடு பனியில் எத்தனை நாள் தாங்கும் என்று கறிக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்த அன்று, சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னார்: "ஏனுங்க, இங்க உக்காந்து அதையே நெனச்சுக்கிட்டு இருக்கறதுக்கு, போயித் தேடிப் பாத்துட்டு வந்துருங்க. இந்தவாட்டி நானும் வாரேன்."

தெரசம்மாள் அதுவரை போன அதிக தூரம் வேளாங்கண்ணி. மஸ்கட்டில் வேலை செய்யும் மகன் ஜெர்ரி, அப்பாவும் அம்மாவும் ஒருவழியாக ஒரு டூருக்காவது ஆசைப்படுகிறார்களே என்று சந்தோஷப்பட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். அவனிடம் முழுவதையும் சொல்லவில்லை. எல்லைப் பகுதிக்கான அனுமதியை அஸ்கர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். சுடாத வேட்டைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் அது எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வாங்கிவிட்டார்.

பனி உருகிய ஆடி மாதத்தில் போனார்கள். தெரசம்மாள் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டு போயிருந்தார். அஸ்கரிடம் அவர் தமிழிலேயே பேசினார், அஸ்கர் அவருடைய மொழியில் பதில் சொன்னார். அற்புதராஜின் ஆங்கிலத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. தெரசம்மாள் குதிரையில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவருக்காக எல்லோரும் நடந்தார்கள். அவர் இளைப்பாற உட்கார்ந்த இடத்திலெல்லாம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நன்றாகத் தேட முடிந்ததே அதனால்தான் என்கிறார் அற்புதராஜ்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த தெரசம்மாள்தான் முதலில் கண்டார். தூரத்துப் புல்வெளியில் ஒரு கூட்டம். அதில் ஒரு கிடாய் நொண்டியது. அஸ்கர் எழுந்து நின்று அற்புதராஜைக் கட்டிக்கொண்டார். தெரசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். அற்புதராஜ் தொலைநோக்கியை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு கீழே இறக்கினார்.

"அது பின்னங்கால் தெரசா" என்றார். "இது வேற ஆடு."

"இதுதான்னு வெச்சுக்கங்களேன்" என்றார் தெரசம்மாள்.

"வெச்சுக்கலாம். ஆனா இது இல்லயே."

அன்றைக்குக் கிடாய் திரும்பிப் பார்த்து நின்ற முகட்டைத் தாண்டி இறங்கினார்கள். அங்கே சரளைக்கல் ஓடை ஒன்றின் ஓரத்தில், கூரை போல நீட்டியிருந்த பாறைக்கு அடியில் அது கிடந்தது. எலும்பும் கொம்பும் கொஞ்சம் முடியும். முகட்டில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். உரிமம் வைத்திருந்தவர் நீங்கள், கொம்பு உங்களுடையது என்று அஸ்கர் சைகையில் சொன்னார். அன்று இரவே செத்திருக்கும், கஷ்டப்பட்டிருக்காது என்றும் கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலக் காட்டினார். அற்புதராஜ் பாறைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தார். புழுக்கை ஒரே இடத்தில் மேலுக்கு மேலாகக் குவிந்து காய்ந்திருந்தது. ஒரு ராத்திரியில் போட்டதில்லை. நாலைந்து நாளாவது அதே இடத்தில் எழ முடியாமல் படுத்திருக்க வேண்டும். அதை அஸ்கரிடம் அவர் சொல்லவில்லை. தெரசம்மாளிடம் சொன்னார். தெரசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தார். மூன்று பேருமாக எலும்புகளை மூடினார்கள். கொம்பை மேலே வைத்தார்கள். அந்த ஊர் வழக்கத்திலும் அப்படித்தானாம்.

அற்புதராஜ் இப்போது இரவில் தூங்குகிறார். மட்டன் சாப்பிடுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. ரைபிள் கிளப்புக்குச் சந்தா கட்டுகிறார், போவதில்லை. மணல் பையை மட்டும் விடவில்லை. நெஞ்சு பழகிவிட்டது, விட்டால் இருமல் வருகிறது என்கிறார். சனிக்கிழமைகளில் தெரசம்மாளும் ஜங்ஷனுக்கு வருகிறார். பாலத்தின் பாதி வரை ஏறி, கம்பியைப் பிடித்து நின்று, இறங்குகிறார். போன மாதம் பாதியாக இருந்தது இந்த மாதம் முக்கால் ஆகியிருக்கிறது. எங்கே போவதற்கு என்று கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாலத்துக்குக் கீழே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு அடங்கியதும், படம் இருக்கிறதா என்று அற்புதராஜிடம் கேட்டேன். போனை எடுத்துத் தேடினார். எலும்புகளை முழுக்க மூடுவதற்கு முன்னால் அவரே எடுத்த படம். கல்லில் சாய்த்து வைத்த இரண்டு கொம்பு, அந்தப் பக்கம் அஸ்கர், இந்தப் பக்கம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய தெரசம்மாள். கொம்பு, அவர் சொன்னதைவிடப் பெரிதாகவே இருந்தது. அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தார். அஸ்கர் போனார், தெரசம்மாள் போனார், கொம்பும் திரைக்கு வெளியே போனது. படத்தின் கீழ் ஓரத்தில் கல்லுக்கு நடுவே, முழங்காலுக்கு மேல் இரண்டாகப் பிளந்த ஒரு முன்னங்கால் எலும்பு மட்டும் நின்றது. நான் பார்த்து முடிக்கும் வரை போனைக் கை ஆடாமல் என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.